பார்ப்பதற்கு ஒரு விண்ணப்பம்

வானத்தைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இரவில் பார்த்ததுதான். ஆனால் ஒரு பெரிய தொலைநோக்கியின் வழியாகப் பார்ப்பதென்றால் விண்ணப்பம் போட வேண்டும். எதைப் பார்க்கப் போகிறாய், ஏன், எத்தனை மணி நேரம், எந்த மாதம், அப்போது நிலா எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும், இந்தக் கருவியை விட்டால் வேறொன்றால் இந்தக் காரியம் ஏன் ஆகாது, சென்ற முறை கொடுத்த இரவுகளை என்ன செய்தாய் – இத்தனைக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பக்கங்களுக்கு வரம்பு உண்டு. எழுத்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. பிறகு ஒரு கமிட்டி அதைப் படிக்கும், மதிப்பெண் போடும், வரிசைப்படுத்தும், வரிசையில் எங்கோ ஒரு கோடு கிழிக்கும். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு இரவு. கீழே இருப்பவர்களுக்கு ஒரு கடிதம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்கு 2024 அக்டோபரில் கெடு முடிந்தபோது 2,377 விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவை கேட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 78,000 மணி. ஓர் ஆண்டில் இருப்பதே 8,760 மணிதான். ஒரு வருஷத்திடம் ஒன்பது வருஷத்தைக் கேட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டும் என்ற ஆசை இவ்வளவு கறாராக எண்ணிக்கைக்குள் வந்து நிற்கிற இன்னோர் இடம் எனக்குத் தெரியாது.

இந்த விஷயத்தோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது என் அக்கா மகளால். அவள் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய விண்ணப்பத்தின் சுருக்கத்தை வரம்புக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அறுபது எழுபது வார்த்தைகள் மிகுந்து நின்றன. கவிதை எழுதுகிறவனுக்கு வார்த்தைகளைக் குறைக்கத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் என்னிடம் கொடுத்தாள். எந்தத் தொலைநோக்கி என்பது இங்கே வேண்டாம். அது கையாளுகிற முறைகள் மற்றவையும் கையாளுகிற முறைகள்தான்.

அவள் பார்க்க விரும்பியது ஒரு வகை நட்சத்திரம். வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஆர் கொரோனா போரியாலிஸ் என்ற நட்சத்திரத்தின் பெயரால் அந்த வகை முழுவதையும் அழைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் பிகாட் அதன் ஒளி மாறுவதைக் கவனித்தார். மற்ற மாறும் நட்சத்திரங்கள் பலவும் திடீரென்று பிரகாசமாகும். இவை திடீரென்று மங்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சில வாரங்களுக்குள் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காரணம் கரி. அந்த நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் அநேகமாக இல்லை. ஹீலியமும் கார்பனும் உண்டு. தன்னிலிருந்தே ஊதிவிட்ட கார்பன் தூசி தன் முகத்துக்கும் நமக்கும் நடுவில் வந்து நின்றுவிடுகிறது. ஆர் கொரோனா போரியாலிஸ் 2007ல் இப்படி மங்கத் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அவளுக்கு வேண்டியது அந்த ஏழு ஆண்டுகள் அல்ல, முதல் சில நாட்கள். தூசி முகத்தை மறைக்க ஆரம்பிக்கிறபோது, அதுவரை நட்சத்திரத்தின் பிரகாசத்தில் மூழ்கிக் கிடந்த சில மெல்லிய ஒளிக்கோடுகள் நிறமாலையில் எழும்பி நிற்கும். இரண்டு மூன்று வாரங்களில் அவற்றில் பலவும் மறைந்துவிடும். வெளிச்சம் குறைகிறபோதுதான் தெரிகிற விஷயம் அது. நான் இந்த இடத்தில் ஒரு உரிச்சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "மாமா, இது கவிதை இல்ல. அந்தக் கோடு எத்தனை மங்கல்னு எண்ணாச் சொல்லியாச்சு. அதுக்கு மேல சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

இது கவிதை இல்லை என்று அவள் சொன்னது சரிதான். ஆனால் எண்ணாகச் சொன்ன பிறகு அதற்கு மேல் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது கவிதைக்கும் பொருந்தும்.

விண்ணப்பத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி தொழில்நுட்ப நியாயம் என்ற பகுதி. கேட்கிற நேரத்துக்குக் கணக்கு அங்கே காட்டப்பட வேண்டும். வருகிற ஒளி இவ்வளவு, வானத்தின் சொந்த வெளிச்சம் இவ்வளவு, கருவியின் இரைச்சல் இவ்வளவு, ஆகவே இத்தனை நிமிஷம் திறந்து வைத்தால் இந்த அளவு தெளிவு கிடைக்கும். இதில் ஒரு கொடிய விதி உண்டு. தெளிவு நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடுகிறது. இருமடங்கு தெளிவு வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் பார்க்க வேண்டும். மும்மடங்குக்கு ஒன்பது. கொஞ்சம் பார்த்துவிட்டு நிறையத் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறவனை இந்த விதி முதல் வரியிலேயே பிடித்துவிடும்.

நிலவின் கணக்கு இன்னொன்று. மிக மங்கலானவற்றைத் தேடுகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளைக் கேட்கிறார்கள். பிரகாசமான நட்சத்திரங்களின் நிறமாலையை ஆராய்கிறவர்களுக்குப் பௌர்ணமி இரவுகளே போதும். கவிஞர்கள் பெரும்பாலும் நிலா உள்ள இரவுகளை எடுத்துக்கொண்டு இருட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்கள், வானியலில் நேர்மாறு. இருட்டுக்குத்தான் அங்கே போட்டி. மேகத்தின் கணக்கை யாரும் எழுதுவதில்லை. அது எழுத முடியாதது. ஒதுக்கப்பட்ட இரவு மேகத்தில் போய்விட்டால் போனதுதான். அடுத்த சுற்றில் எல்லோரோடும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

முதல் முறை அவளுடைய விண்ணப்பம் கோட்டுக்குக் கீழே நின்றது. கூடவே சில வரிகளில் காரணம் வந்தது. ஆய்வு முக்கியமானது, கேட்ட நேரம் நியாயமானது, ஆனால் இந்த நான்கு மாதச் சுற்றில் இந்தப் பட்டியலில் உள்ள நட்சத்திரம் ஏதாவது மங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதில் பொய்யில்லை. உத்தரவாதம் இருந்தால் அது அந்த வகை நட்சத்திரமே இல்லை.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. இந்த வாதம் நம்முடைய சிறு பத்திரிகைகளில் வேறு பெயரில் பல வருஷங்களாக நடந்து வருவது. பார்ப்பதற்கு முன்பே என்ன தெரியும் என்று சொல்லச் சொன்னால், முன்பே தெரிந்தது மட்டும்தானே தெரியும்? எழுதுவதற்கு முன்பே பொருளைத் தீர்மானித்துக்கொண்டு எழுதுகிறவனை நாம் பிரசாரகன் என்கிறோம். அனுபவம் எழுத்திலேயே உருவாகிறது என்கிறோம். அப்படியிருக்க, கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கண்டுபிடிக்கப் போவதை முன்கூட்டி எழுதித் தர வேண்டும் என்பது என்ன விசித்திரம்?

இந்த வாதத்துக்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். முதல் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர். 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே செல்லவிருந்தது. கிரகத்தின் விட்டத்தையும் அதன் வாயு மண்டலத்தையும் அளக்க அது ஒரு சந்தர்ப்பம். உலகத்தின் பல இடங்களிலிருந்து பார்க்க ஏற்பாடாகியிருந்தது. காவலூரில் 1972ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி. இந்து மகாசமுத்திரத்தின் மேல் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானம் ஒன்றில் பொருத்தியிருந்த இன்னொரு தொலைநோக்கி. கிரகம் நட்சத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி கண்ணிமைப்பது போலக் குறைந்து மீண்டது. காவலூரிலும் அந்தக் குறைவு பதிவானது. அங்கிருந்தவர்கள் அது யுரேனஸின் ஏதோ ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதினார்கள். விமானத்தில் பதிவான பல குறைவுகள் கிரகத்துக்கு இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்றுதான் மனிதனுக்குத் தெரிந்தது. யாருடைய விண்ணப்பத்திலும் வளையம் இருக்கவில்லை.

இரண்டாவது சாட்சி ஹபிள். அதன் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இயக்குநர் தம் விருப்பப்படி ஒதுக்கலாம். 1995ல் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ் அந்த நேரத்தைக் கொண்டு ஒரு காரியம் செய்தார். சப்தரிஷி மண்டலத்துக்கு அருகில், எதுவுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு துண்டு வானத்தைத் தேர்ந்தெடுத்தார். முழு வானத்தில் இரண்டு கோடியே நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு அது. டிசம்பர் 18 முதல் 28 வரை பத்து நாட்கள் தொலைநோக்கி அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தது. 342 பதிவுகள். ஹபிள் மேலே போன 1990ஆம் ஆண்டிலேயே, ஜான் பாக்கால் உள்ளிட்ட மூவர் எழுதிய ஒரு கட்டுரை, அதன் மிக நீண்ட பதிவுகள்கூடத் தரையிலிருந்து காணாத புது வகை மண்டலங்களைப் பெரிதாகக் காட்டப் போவதில்லை என்று கணித்திருந்தது. அவர்கள் ஹபிளின் எதிரிகள் அல்ல. அது வேண்டும் என்று வாதாடியவர்களில் பாக்கால் முக்கியமானவர். சேர்த்துப் பார்த்தபோது அந்த வெறுமையில் ஏறத்தாழ மூவாயிரம் நட்சத்திர மண்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்டது. ஒன்றுமில்லாத இடத்தைப் பத்து நாள் பார்க்கிறேன் என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் எழுதியிருந்தால் கோடு எங்கே விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே விண்ணப்பம் என்பது கற்பனையின் சத்ரு. வரம்பு மீறுகிறவனே காண்கிறான் – இப்படி முடித்துவிட்டால் நம் வட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். என் அக்கா மகளுக்குச் சந்தோஷமாக இல்லை. அவள் சொன்னது இது: யுரேனஸைப் பார்த்தவர்கள் அந்த நட்சத்திரம் எப்போது மறையும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் போனவர்கள். கணக்கில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் விமானத்தில் கருவியை முன்னதாகவே ஓடவிட்டார்கள். முன்னதாக ஓடியதால்தான் வளையம் பதிவானது. "அது அதிர்ஷ்டம் இல்ல மாமா. தன்னோட தப்பு எவ்வளவு இருக்கும்னு அளந்து வெச்சிருந்தாங்க. அந்த அளவுக்குள்ளதான் வளையம் இருந்துச்சு." ஹபிளுக்கும் அதேதான். அந்த வெற்றிடம் சும்மா தேர்ந்தெடுத்ததல்ல. பூமியும் நிலவும் குறுக்கிடாமல் தொடர்ந்து பார்க்கக்கூடிய திசை, நம் பால்வீதியின் தூசியும் அருகாமை நட்சத்திரங்களும் குறைவாக உள்ள இடம், எந்தெந்த வடிகட்டிகளில் எத்தனை நேரம் – எல்லாம் வகுத்துக்கொண்டு பார்த்தது. பதிவுகளைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் 1996 ஜனவரியிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எதிர்பாராதது எதிர்பார்ப்பே இல்லாதவனுக்குத் தெரிவதில்லை. இன்ன நொடியில் இன்ன ஒளி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தவனுக்குத்தான் அது குறைந்தது தெரியும். மற்றவனுக்கு அது மேகம். மரபை அறியாதவன் செய்கிற மீறல் மீறலாகவே படுவதில்லை என்று நாம் சொல்லிக்கொள்வதன் சாரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இப்படிப் பார்க்கிறபோது விண்ணப்பம் கண்டுபிடிப்பை முன்கூட்டிச் சொல்கிற ஜோசியம் அல்ல. தான் எந்த இடத்தில் நின்று, எவ்வளவு நேரம், எவ்வளவு பிழையோடு பார்க்கப் போகிறோம் என்பதற்கு எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம்.

ஆனால் இது பாதி விஷயம்தான். எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்குப் பின்னால் யார் பார்க்கலாம் என்ற கேள்வி நிற்கிறது.

மார்கரெட் பர்பிட்ஜ் 1945ல் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அதைப் பெறுகிறவர்கள் கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் உள்ள தொலைநோக்கிகளில் பார்க்க வேண்டும். அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே உதவித்தொகையும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே உதவித்தொகை அவருடைய கணவர் ஜெஃப்ரி பர்பிட்ஜுக்குக் கிடைத்தது. ஜெஃப்ரி கோட்பாட்டாளர், தொலைநோக்கியில் பார்ப்பது மார்கரெட்டின் துறை. கணவரின் உதவியாளர் என்ற பெயரில் மார்கரெட் மலைக்குப் போனார். பார்வையாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே மடாலயம் என்று பெயர். தம்பதிகளுக்கு அதில் இடமில்லை. தனியாக ஒரு குடில். அங்கிருந்து அவர் பார்த்ததும் சேர்ந்துதான், தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் சமைக்கப்படுகின்றன என்று நான்கு பேராகச் சேர்ந்து 1957ல் எழுதிய பிரசித்தமான கட்டுரை உருவாயிற்று. அதில் முதல் பெயர் மார்கரெட்டுடையது.

பாலமார் மலையில் 1965ல் வேரா ரூபினுக்கு நேரம் கிடைத்தது. முறைப்படி அங்கே பார்க்க அனுமதி பெற்ற முதல் பெண் அவர். அவருக்கு வந்த விண்ணப்பப் படிவத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வசதிக் குறைவினால் பெண்களின் விண்ணப்பத்தை ஏற்க இயலாது என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த வாக்கியத்துக்கு மேல் யாரோ பென்சிலால் ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தார்கள்: வழக்கமாக.

விமர்சனம் எழுதுகிறவனாக என்னால் இந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. அச்சில் இருப்பது ஸ்தாபனம். பென்சிலில் இருப்பது மனிதன். அச்சு வாக்கியத்தை அடிக்கவில்லை, மாற்றவில்லை. அழித்தால் அழியக்கூடிய ஒரு வினையடையை மேலே வைத்தார்கள். கதவு ஒரு வார்த்தையின் அகலத்துக்குத் திறந்தது. வசதிக் குறைவு என்பது கழிப்பறை. மலையில் இருந்தது ஆண்களுக்கானது ஒன்று. ரூபின் காகிதத்தில் ஒரு பாவாடையைக் கத்தரித்துக் கதவில் இருந்த ஆண் உருவத்தின் மேல் ஒட்டினார் என்கிறார்கள். காகிதத்துக்குக் காகிதத்தால் பதில்.

பென்சில் வார்த்தைகளை நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பது மெதுவாக உறைத்தது. ஹபிளுக்கு வந்த விண்ணப்பங்களைப் பல சுற்றுகளுக்குப் பின்னோக்கிப் பரிசீலித்தபோது, பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்கள் வெற்றி பெற்ற விகிதம் ஆண்களுடையதைவிடத் தொடர்ந்து சற்றுக் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் சிறியது, ஆனால் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 2018ல் பெயர்களை எடுத்துவிட்டார்கள். படிக்கிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது என்பது பழைய வழக்கம். எழுதியவர் யார் என்று படிக்கிறவருக்கும் தெரியக்கூடாது என்பது புதியது. எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி என்று எழுதக்கூடாது. முந்தைய ஆய்வொன்று காட்டியபடி என்று, தன்னையே மூன்றாம் மனிதனாக்கி எழுத வேண்டும். அந்தச் சுற்றில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதை முதல் முறையாகத் தாண்டியது: 8.7 சதவீதம், 8 சதவீதம். வித்தியாசம் இதிலும் சிறியதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கமிட்டி அறையில் பேச்சு மாறியது என்கிறார்கள். இவர்களால் இதைச் செய்ய முடியுமா என்பது போய், இதைச் செய்ய வேண்டுமா என்பது வந்தது.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான யோசனை அல்ல. தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் சில பாட்டுகளை எழுதியவர் பெயர் தெரியாமல் கையில் வைத்திருந்தார்கள். பாட்டுக்குள் இருந்த ஒரு படிமத்தையே எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார். இவர்கள் எந்த ஊர், யாருடைய மாணாக்கர், எந்தப் புரவலரின் சபை என்று ஒன்றும் தெரியாது. சொன்னது மட்டும் மிஞ்சி, சொன்னதே பெயராயிற்று. பெயர் மறைத்த ஒரு விண்ணப்பத்தைக் கமிட்டியில் அந்த மங்கும் நட்சத்திரக்காரி என்றுதானே பேசியிருப்பார்கள்?

அக்கா மகள் ஒருநாள் கேட்டாள். "உங்க பத்திரிகைல எது வரணும்னு யார் மாமா தீர்மானிக்கறாங்க?"

"நாங்க நாலு பேர்."

"அந்த நாலு பேரும் அதுல எழுதறவங்களா?"

"ஆமா."

"எங்களுதும் அப்படித்தான்" என்றாள்.

இதில் கிண்டல் இல்லை. சிலியின் அடகாமா பாலைவனத்தில் 66 வானலைக் கிண்ணங்கள் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக இயங்குகிற அல்மாவில் 2021லிருந்து, மிகப் பெரிய திட்டங்கள் நீங்கலாக, விண்ணப்பம் போடுகிற ஒவ்வொருவரும் தம் ஒரு விண்ணப்பத்துக்கு மற்றவர்களுடைய பத்து விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிட்டுத் தர வேண்டும். தராவிட்டால் தன்னுடையது தள்ளுபடி. எழுதுகிறவர்களே படிக்கிறவர்கள், படிக்கிறவர்களே தீர்ப்புச் சொல்கிறவர்கள். சிறு பத்திரிகை உலகம் என்று நாம் சலித்துக்கொள்கிற அதே அமைப்பு. முந்நூறு பிரதி அச்சடித்து முந்நூறு பேரும் எழுத்தாளர்களாகவே இருக்கிற நம் நிலைமையைச் சொல்லி யாராவது சிரித்தால் இனி அடகாமாவைக் காட்டலாம்.

வித்தியாசம் இருக்கிறது. அங்கே தன் மாணவர், தன்னோடு சேர்ந்து எழுதியவர், தன் நேர் போட்டியாளர் ஆகியோரின் விண்ணப்பம் வருகிறபோது கமிட்டி உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும். கமிட்டி கூடிப் பேசுகிற இடமானால் அறையை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும். நம் கூட்டங்களில் இந்த விதியை அமல்படுத்தினால் அறையில் நாற்காலிகள் மட்டும் இருக்கும். அங்கே நிராகரிப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். நாம் மௌனத்தை அனுப்புகிறோம். மௌனத்தைப் பெறுகிறவன் அதை வாழ்நாள் முழுவதும் வியாக்கியானம் செய்துகொண்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எத்தனை மணி நேரம் பார்க்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். ஒரு நாவலைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவனை இதைக் கேட்டால் என்ன சொல்வான்? எத்தனை முறை படித்தாய், எந்த வெளிச்சத்தில், உன் சொந்த இரைச்சல் எவ்வளவு, அதைக் கழித்தாயா? வர்க்கமூல விதி நமக்கும் உண்டு. இரண்டாம் வாசிப்பு முதல் வாசிப்பின் அளவு தருவதில்லை. இன்னொரு மடங்கு தெளிவுக்கு இன்னும் மூன்று வாசிப்பு. இந்தக் கூலிக்கு யாரும் வேலை செய்யத் தயாராக இல்லாததால்தான் நம்மிடம் அபிப்பிராயங்கள் மலிந்து விமர்சனம் குறைந்திருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவனுடைய வாக்கியமே அவன் கையெழுத்து; நம் வட்டத்தில் மூன்று வரி படித்தால் ஆளைச் சொல்லிவிடலாம். பெயர் தெரியாவிட்டாலும் பள்ளி தெரியும், பாஷை தெரியும், எந்த ஊர் ஆங்கிலம் என்பது தெரியும். அக்கா மகள் அந்தச் சுருக்கத்தை எழுதியது அவள் யோசிக்கிற பாஷையில் அல்ல. மங்குகிறது என்று அவள் வீட்டில் சொல்கிற வார்த்தையில் விளக்கும் பார்வையும் பொழுதும் சேர்ந்து இருக்கின்றன. படிவத்தில் அதற்கு ஒரு எண் மட்டும். அந்த எண் சரியானது, வேண்டியது. ஆனால் அவளை நட்சத்திரத்துக்கு அழைத்துக்கொண்டு போனது அந்த எண் அல்ல. அழைத்துக்கொண்டு போனது எதுவோ அதைப் படிவத்தில் எழுத இடமில்லை, எழுதவும் கூடாது. இந்த இழப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அதே இழப்போடு வருகிறார்கள் என்பதுதான் அங்கே சமத்துவம்.

காவலூரைத் தேடிக் கண்டவர் வைணு பாப்பு. தெற்கு வானமும் தெரிகிற ஓர் இடம் வேண்டும் என்று அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை இந்த நாட்டிலேயே செய்வது அவருடைய திட்டம். அது முடிவதற்குள் 1982ல் அவர் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6ஆம் தேதி தொலைநோக்கி இயங்கத் தொடங்கி அவர் பெயரைப் பெற்றது. அந்தப் பெயர் கொண்ட கருவியில் ஓர் இரவுகூட அவருக்கு இல்லை. ஆனால் அங்கே யார் இரவு கேட்டாலும் அவர் கேட்டுவைத்த ஒரு பழைய விண்ணப்பத்தின் மேல் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் 2000ல் முதல் ஒளி கண்ட சந்திரா தொலைநோக்கிக்கு இப்போது மலையேறக்கூட வேண்டியதில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியாக அதைத் திருப்புகிறார்கள். மலையும் குளிரும் தூரத்துக்குப் போய்விட்டன. விண்ணப்பம் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் முறை அவளுக்கு நேரம் கிடைத்தது. விண்ணப்பத்தில் அவள் மாற்றியது அதிகமில்லை. உத்தரவாதம் தர முடியாது என்பதையே நியாயமாக முன்னால் வைத்தாள்: இது எப்போது நிகழும் என்று தெரியாததால்தான் இதுவரை சரியாகப் பார்க்கப்படவில்லை. இத்தகைய விண்ணப்பத்துக்குக் குறிப்பிட்ட இரவு கிடையாது. நிகழ்ச்சி நேர்ந்தால் அன்றிரவு யார் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அவர் தன் நேரத்தில் ஒரு பகுதியை விட்டுத் தர வேண்டும். தான் கேட்டுப் பெற்ற இருட்டில் ஒரு மணி நேரத்தை, முகம் தெரியாத ஒருத்திக்கு.

நான்கு மாதங்கள் அவள் இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பட்டியலில் இருந்த ஒன்பது நட்சத்திரங்களும் தங்கள் முழுப் பிரகாசத்தோடு இருந்தன. உலகின் பல மூலைகளில் சொந்தச் சிறு தொலைநோக்கிகளோடு அவற்றைத் தினம் கவனிக்கிற அமெச்சூர்கள் தினமும் மாற்றமில்லை என்று எழுதினார்கள். அக்கா வருத்தப்பட்டாள், உதவித்தொகை முடிய ஒரு வருஷம்கூட இல்லை. சுற்று முடிந்த அன்று அவள் அடுத்த சுற்றுக்கான படிவத்தைத் திறந்தாள். சுருக்கம் இந்த முறை வரம்புக்குள்ளேயே இருந்தது. எனக்கு அதில் வேலை இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் படித்துக் காட்டினாள். அது முதல் விண்ணப்பத்திலிருந்தே இருந்த வாக்கியம், படிவம் கேட்கிற ஒரு சம்பிரதாயம். நிகழாவிட்டால் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.